ஹாஷ் ஒத்திசைவா, பாஸ்-த்ரூவா, ஏடிஎஃப்எஸ்ஸா? ஆக்டிவ் டைரக்டரியை என்ட்ரா ஐடியுடன் இணைக்கும் மூன்று வழிகள்

அலுவலகத்துக்குள் ஆக்டிவ் டைரக்டரி (ஊழியர் கணக்குகளை வைத்திருக்கும் பதிவேடு), வெளியே மைக்ரோசாஃப்ட் 365. ஊழியருக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் டைரக்டரியை என்ட்ரா ஐடியுடன் (மைக்ரோசாஃப்டின் மேகக் கணக்குச் சேவை; 2023 வரை இதன் பெயர் அஷூர் ஏடி) ஒத்திசைத்தாக வேண்டும். இதில் முடிவுகள் இரண்டு. கணக்குகளை மேலே, அதாவது மேகத்துக்கு, கொண்டுபோவது எந்தக் கருவி என்பது ஒன்று. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது யார் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். நெருக்கடி வரும் நாளில் உங்களைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் இரண்டாவது முடிவுதான் என்பதால், அலசலின் பெரும்பகுதி அதைப் பற்றியே.

முதலில் ஹாஷ் ஒத்திசைவு. ஹாஷ் என்பது கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், நேராகத் திருப்ப முடியாத சரம். ஒத்திசைவு சர்வர் 2 நிமிடத்துக்கு ஒருமுறை டொமைன் கண்ட்ரோலரிடம் (ஆக்டிவ் டைரக்டரியை இயக்கும் சர்வர்) போய், மாறிய கடவுச்சொற்களின் ஹாஷை வாங்கிவருகிறது. டொமைன் கண்ட்ரோலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அதே ரெப்ளிகேஷன் (நகலெடுப்பு) நெறிமுறைதான் இதற்கும். இந்த 2 நிமிட இடைவெளியை மாற்ற முடியாது. "கடவுச்சொல் வெளியே போகிறதே" என்று பாதுகாப்புக் குழு தடை போடும் இடம் இது. அதனால் உள்ளே நடப்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரியில் இருப்பது 16 பைட் எம்டி4 ஹாஷ். அதை 32 எழுத்து ஹெக்ஸ் சரமாக்கி, யுடிஎஃப்-16 ஆக விரித்து 64 பைட்டாக்கி, ஒவ்வொரு பயனருக்கும் தனியான 10 பைட் சால்ட் (தற்செயல் தரவு) சேர்த்து, எஸ்ஹெச்ஏ-256 கொண்டு பிபிகேடிஎஃப்2 முறையில் 1000 சுற்று அரைத்த பிறகு வரும் விளைவுதான் டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்பு வழியே மேலே போகிறது. ஆக, மேலே இருப்பது திருடுபோனாலும் அதை அப்படியே கொண்டுவந்து உங்கள் உள்வலையில் பாஸ்-த-ஹாஷ் தாக்குதல் (கடவுச்சொல்லுக்குப் பதில் ஹாஷையே காட்டி நுழைவது) நடத்த முடியாது.

பாஸ்-த்ரூ முறையில் ஹாஷ் எதுவும் மேலே தங்காது. பயனர் இணையப் பக்கத்தில் தட்டச்சு செய்த கடவுச்சொல், உங்கள் சர்வரில் நிறுவிய ஏஜெண்ட் என்ற சிறு மென்பொருளின் பொதுச் சாவியால் பூட்டப்பட்டு ஒரு வரிசையில் காத்திருக்கும். உள்ளிருக்கும் ஏஜெண்ட் அதை எடுத்து, திறந்து, டொமைன் கண்ட்ரோலரிடம் சரிபார்த்து, பதிலை அனுப்பும். ஏஜெண்டுக்கு வெளிநோக்கிய 443, 80 போர்ட்டுகள் போதும். உள்நோக்கி எதையும் திறக்க வேண்டாம். ஆனால் ப்ராக்ஸியில் டிஎல்எஸ் இன்ஸ்பெக்ஷன் (மறையாக்கத்தைத் திறந்து பார்ப்பது) ஓடினால் ஏஜெண்டின் இணைப்பு அறுந்துபோகும். அந்த முகவரிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டுத்தான் நிறுவ வேண்டும்.

ஏடிஎஃப்எஸ் (ஆக்டிவ் டைரக்டரி ஃபெடரேஷன் சர்வீசஸ்) வேறு வகை. பயனரை உங்கள் சொந்த லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்பி, நீங்கள் கையொப்பமிட்டுத் தரும் டோக்கனை (நுழைவுச் சான்றை) மைக்ரோசாஃப்ட் நம்பும். இதற்கு உள்ளே குறைந்தது இரண்டு ஏடிஎஃப்எஸ் சர்வர், டிஎம்இசட்டில் (இணையத்துக்கும் உள்வலைக்கும் இடைப்பட்ட பகுதி) இரண்டு ப்ராக்ஸி சர்வர், இரு அடுக்குக்கும் லோட் பேலன்ஸர், பொது டிஎல்எஸ் சான்றிதழ் எல்லாம் தேவை. ஸ்மார்ட் கார்டு வேண்டும் என்பதற்காக முன்பு இதை நிறுவியவர்கள் பலர். இன்று என்ட்ராவே சான்றிதழ் வழி உள்நுழைவை நேரடியாக ஏற்கிறது. அந்தக் காரணம் போய்விட்டது.

இணைய இணைப்பு அறுந்தால்

ஹாஷ் ஒத்திசைவில் ஒன்றும் ஆகாது. வீட்டிலிருந்தும் கிளைகளிலிருந்தும் வேலை செய்பவர்கள் வழக்கம்போல உள்ளே போவார்கள். கடைசியாகப் போன ஹாஷ் மேலேயே இருக்கிறது. பாஸ்-த்ரூவிலும் ஏடிஎஃப்எஸ்ஸிலும் உங்கள் டேட்டா சென்டர் விழுந்தால் மின்னஞ்சலுக்குள் புதிதாக யாரும் நுழைய முடியாது. பிரச்சினையைப் பேசித் தீர்க்க வேண்டிய டீம்ஸும் அதோடு போகும்.

பாஸ்-த்ரூவுக்குக் குறைந்தது 3 ஏஜெண்ட் வையுங்கள் என்கிறது மைக்ரோசாஃப்ட். ஒரு டெனன்டுக்கு (மேகத்தில் உங்கள் நிறுவனத்தின் தனி இடம்) 40 வரை வைக்கலாம். எண்ணிக்கையைவிட முக்கியம், அவை எங்கே இருக்கின்றன என்பது. மூன்றும் ஒரே கட்டடத்தில், ஒரே இணைய இணைப்பில் இருந்தால் அது ஒரு ஏஜெண்டுக்குச் சமம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: பாஸ்-த்ரூ விழுந்தால் ஹாஷ் ஒத்திசைவுக்குத் தானாக மாறாது. நிர்வாகிதான் மாற்ற வேண்டும். ஹாஷ்கள் முன்கூட்டியே மேலே போயிருந்தால்தான் அந்த மாற்றமும் பலிக்கும். விழுந்த பிறகு ஒத்திசைவைத் தொடங்க வழியில்லை. அதனால் எந்த முறையைத் தேர்ந்தாலும் ஹாஷ் ஒத்திசைவைக் கூடவே இயக்கி வையுங்கள். டெனன்டின் ஆன்மைக்ரோசாஃப்ட் டொமைனில் (டெனன்டோடு இயல்பாக வரும் onmicrosoft.com முகவரி), ஒத்திசைவோடு தொடர்பில்லாத அவசர நிர்வாகிக் கணக்குகள் இரண்டும் இருக்கட்டும். அவை இல்லாவிட்டால் மாற்றுவதற்கு உள்ளே நுழையவே ஆள் இருக்காது.

ஊழியரை இன்றே வெளியேற்ற வேண்டுமென்றால்

இங்கே பாஸ்-த்ரூ முந்துகிறது. கணக்கை ஆக்டிவ் டைரக்டரியில் முடக்கிய நொடியிலிருந்து புதிய உள்நுழைவு நிற்கும். கணக்கின் காலாவதித் தேதி, லாக் அவுட், உள்நுழைவு நேரக் கட்டுப்பாடு எல்லாமே மதிக்கப்படும்.

ஹாஷ் ஒத்திசைவில் கடவுச்சொல்லுக்குத்தான் 2 நிமிடம். முடக்கம் போன்ற கணக்கு மாற்றங்கள் 30 நிமிடச் சுற்றில் போகின்றன. அதைவிடப் பெரிய ஓட்டை வேறு: கணக்கின் காலாவதித் தேதி மேலே போவதே இல்லை. ஒப்பந்த ஊழியருக்குத் தேதி போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால், உள்ளே அவர் கணக்கு செத்திருக்கும், மின்னஞ்சலில் அவர் உயிரோடு இருப்பார். தேதி கடந்த கணக்குகளைத் தேடி முடக்கும் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றைத் தினமும் ஓடவிட வேண்டும். கடவுச்சொல் காலாவதியும் அப்படித்தான். இயல்பாக மேலே அது காலாவதியே ஆகாது. ஒத்திசைந்த பயனருக்கும் மேகக் கொள்கை பொருந்தும்படி தனி அமைப்பு உண்டு, அதை முதல் நாளே இயக்குவது நல்லது. 'அடுத்த லாகினில் மாற்று' என்று கொடுத்த தற்காலிகக் கடவுச்சொல்லும் தனி அமைப்பை இயக்காதவரை ஒத்திசையாது. ஹெல்ப்டெஸ்குக்கு வரும் "புது பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை" அழைப்புகளுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

எந்த முறையானாலும், ஏற்கெனவே கொடுத்த டோக்கன் உடனே சாகாது. வெளியேற்றும் பட்டியலில் 'செஷன்களை ரத்து செய்' என்ற படியைச் சேர்க்காமல் மூன்று முறைகளின் வேகத்தை ஒப்பிடுவதில் பயனில்லை.

தாக்குதல் நடந்தால்

ஏடிஎஃப்எஸ்ஸின் உயிர் அதன் டோக்கன் கையொப்பச் சாவி. அது கைமாறினால் தாக்குபவர் யார் பெயரில் வேண்டுமானாலும் டோக்கன் செய்துகொள்ளலாம். கடவுச்சொல்லும் வேண்டாம், இரண்டாம் சரிபார்ப்பும் வேண்டாம். 2020-இல் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில் இந்த வழி பயன்பட்டது. பாஸ்-த்ரூ ஏஜெண்ட் இருக்கும் சர்வரைப் பிடித்தவர், திறந்த வடிவில் கடந்துபோகும் கடவுச்சொற்களையே பார்க்கலாம். ஹாஷ் ஒத்திசைவின் சேவைக் கணக்குக்கு டைரக்டரி மாற்றங்களை முழுமையாக ரெப்ளிகேட் செய்யும் உரிமை இருக்கிறது. அதைக் கைப்பற்றியவர் டொமைனின் எல்லா ஹாஷையும் இறக்கலாம். ஆக மூன்றிலுமே அந்த சர்வர், டொமைன் கண்ட்ரோலருக்கு நிகரான காவலுக்குரியது. அதில் பிரின்ட் சர்வரையும் பேக்கப் மென்பொருளையும் சேர்த்து நிறுவக்கூடாது.

ஹாஷ் ஒத்திசைவுக்கு ஒரு கூடுதல் வலிமை உண்டு. இணையத்தில் கசிந்த கடவுச்சொற்களோடு ஒப்பிட்டு எச்சரிப்பது, ஹாஷ் மேலே இருந்தால் மட்டுமே நடக்கும்.

பாஸ்-த்ரூவில் இன்னொரு கவனம்: வெளியிலிருந்து ஊகித்து அடிக்கும் முயற்சிகள் உங்கள் உள் கணக்கையே பூட்டிவிடும். என்ட்ராவின் ஸ்மார்ட் லாக் அவுட் 10 தவறுக்கு என்றால், ஆக்டிவ் டைரக்டரியின் வரம்பு அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். பூட்டும் நேரமோ என்ட்ராவில்தான் நீளமாக இருக்க வேண்டும். என்ட்ராவில் விநாடியிலும் ஆக்டிவ் டைரக்டரியில் நிமிடத்திலும் எழுதுவதால் எண் பிசகுவது சகஜம்.

கணக்குகளைக் கொண்டுபோகும் கருவி

கனெக்ட் சிங்க், கிளவுட் சிங்க் என இரண்டு. கிளவுட் சிங்க் இலகுவானது: சின்ன ஏஜெண்ட், ஒரே நேரத்தில் பல ஏஜெண்ட் இயங்கலாம், ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஃபாரஸ்ட்டுகளையும் (தனித்து இயங்கும் ஆக்டிவ் டைரக்டரி தொகுப்புகள்) சேர்க்கும். ஆனால் பாஸ்-த்ரூ வேண்டுமென்றால் அது உதவாது. கனெக்ட் சிங்கில் இயங்குவது ஒரே சர்வர். இன்னொன்றை ஸ்டேஜிங்கில் (மாற்றாகத் தயார் நிலையில்) வைக்கலாம், அது தரவைப் படிக்கும், எதையும் எழுதாது. கூடவே வரும் லோக்கல்டிபி என்ற சிறிய தரவுத்தளம் ஏறக்குறைய 1,00,000 ஆப்ஜெக்ட் வரை தாங்கும். அதற்கு மேல் முழு எஸ்க்யூஎல் சர்வர் தேவை.

நிறுவும் முன் பயனர்களின் யூபிஎன் (மின்னஞ்சல் வடிவ உள்நுழைவுப் பெயர்) பின்னொட்டைப் பாருங்கள். உள் டொமைன் 'லோக்கல்' என்று முடிந்தால் எல்லோரும் மேலே ஆன்மைக்ரோசாஃப்ட் முகவரியில் போய் நிற்பார்கள். பொது டொமைனை மாற்றுப் பின்னொட்டாகச் சேர்த்து, பயனர்களை மாற்றி, ஐடிஃபிக்ஸ் கருவியால் இரட்டை முகவரிகளைக் களைந்த பிறகே ஒத்திசைவைத் தொடங்க வேண்டும். எந்த ஓயூ (டைரக்டரிக்குள் கணக்குகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) ஒத்திசைய வேண்டும் என்ற வடிகட்டியிலும் நிதானம் தேவை: ஒத்திசையும் ஓயூவிலிருந்து ஒருவரை வெளியே நகர்த்தினால் மேலே அவர் கணக்கு நீக்கப்படும். 500-க்கு மேல் நீக்கம் வந்தால் கருவி நின்றுவிடும். சிறிய நிறுவனத்துக்கு அந்த வரம்பு மிகப் பெரியது, 20 அல்லது 30 ஆகக் குறையுங்கள். தவறி நீங்கியதை 30 நாளுக்குள் மீட்கலாம்.

கணக்கு போகிறது, கடவுச்சொல் மட்டும் போகவில்லை என்றால் அப்ளிகேஷன் லாகைத் திறந்து 656, 657 எண் நிகழ்வுகளைப் பாருங்கள். மாற்றம் அனுப்பப்பட்டதும் அதன் முடிவும் அவற்றில் இருக்கும். 611 வந்தால் பெரும்பாலும் டொமைன் கண்ட்ரோலருக்குப் போகும் ஆர்பிசி (சர்வர்கள் ஒன்றையொன்று அழைக்கும் நெறிமுறை) வழியில் தடை (போர்ட் 135, 49152 முதல் 65535 வரை) அல்லது ரெப்ளிகேஷன் உரிமை இல்லை. ஃபிப்ஸ் பாலிசி (அமெரிக்க அரசின் மறையாக்கத் தரநிலை) இயங்கும் சர்வரில், ஒத்திசைவுக்குத் தேவைப்படும் எம்டி5 என்ற ஹாஷ் முறை தடைபடுவதால் ஹாஷ் ஒத்திசைவு நிற்கும். ஒத்திசைவு சேவையின் கான்ஃபிக் கோப்பில் விலக்கு தர வேண்டும்.

ஏற்கெனவே ஏடிஎஃப்எஸ்ஸில் இருப்பவர்கள் ஒரே இரவில் மாற வேண்டியதில்லை. ஹாஷ் ஒத்திசைவை இயக்கி, முழுச் சுற்று முடிந்ததை உறுதிசெய்து, ஸ்டேஜ்ட் ரோல்அவுட்டில் (படிப்படியாக மாற்றும் வசதி) ஒரு செக்யூரிட்டி குரூப்பைச் சேருங்கள். முதல் முறை சேர்க்கும்போது குரூப்பில் 200 பேருக்கு மேல் இருக்கக்கூடாது; குரூப்புக்குள் குரூப்பும் டைனமிக் குரூப்பும் (விதிப்படி தானாக உறுப்பினர் சேரும் குரூப்) செல்லாது. ஐடி குழு, பிறகு ஒரு கிளை, பிறகு மற்றவர்கள் என்று நகர்த்தி, கடைசியில் டொமைனை மாற்றுங்கள். ஏடிஎஃப்எஸ்ஸை அணைக்கும் முன், மைக்ரோசாஃப்ட் அல்லாத வேறு செயலி ஏதாவது அதை நம்பியிருக்கிறதா என்று ரிலையிங் பார்ட்டி பட்டியலைப் (ஏடிஎஃப்எஸ்ஸை நம்பும் செயலிகளின் பட்டியல்) பார்த்துவிடுங்கள்.