ரெய்டு கார்டு என்று சொல்லி 18,500 ரூபாயை வாங்கிக்கொண்டான், தர்மபுரி பக்கம் உள்ளவர்கள் உஷார்

நேற்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, ராயக்கோட்டை வழியாகப் பஸ் பிடித்து ராத்திரி தர்மபுரி வந்து சேர்ந்தேன். கார்டை விற்றவன் "பத்து நிமிஷத்துல வந்துடுறேன்ணா" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டான். அந்த எரிச்சல் தீரும் முன்னால் எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில். பழைய சர்வர் ஒன்றில் 2 டெராபைட் டிஸ்க் எட்டு போட்டு, ரெய்டு 5-ல் ஓட்டுகிறேன். (வருமான வரி ரெய்டு இல்லை. ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவற்றை வைத்து டேட்டாவை மீட்கிற ஏற்பாடு.) இந்த ரெய்டை நடத்துகிற கன்ட்ரோலர் கார்டு 3 ஜிகாபிட் சாஸ் (சர்வர் டிஸ்க்குகளை இணைக்கும் முறை) காலத்தது, 2 டெராபைட்டைத் தாண்டிய டிஸ்க்கை முழுசாகக் காட்டாது. இப்போது எல்லாரும் 4கே கேட்கிறார்கள், இடம் போதவில்லை. சரி, 12 ஜிகாபிட் கார்டுக்கு மாறிவிடலாம் என்று பழைய சர்வர் பாகங்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் தேடினேன். வேகத்துக்காக என்றால் 12 எனக்குத் தேவையே இல்லை. சுழலும் டிஸ்க்குகளுக்கு 6 ஜிகாபிட்டே தாராளம். ஆசை யாரை விட்டது!

எல்எஸ்ஐ கம்பெனியின் 9361-8ஐ ரெய்டு கார்டு, 20,000 ரூபாய் என்று ஒருவன் போட்டிருந்தான். ஆர்டர் போட்டுவிட்டுப் போன் செய்தேன். "அண்ணா தர்மபுரியா? எங்க அக்காவைப் பாலக்கோட்டுலதான் கட்டிக் கொடுத்திருக்கோம்" என்றான். அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன். அக்கா வீட்டுத் தக்காளித் தோட்டம் வரைக்கும் பேசினான். கார்டு ஓடுகிற வீடியோ ஒன்றும் அனுப்பினான், திரையில் 9361 என்று தெளிவாகத் தெரிந்தது. "தளத்துல கமிஷன் போகுதுண்ணா. ஆர்டரை கேன்சல் பண்ணிட்டு நேரா ஜிபே பண்ணுங்க, 18,500-க்குத் தரேன்." 1,500 ரூபாய் மிச்சம் என்று நானும் அனுப்பினேன். நம்ம ஊர்ப் பையன் என்ற நினைப்புதான்.

கூரியர் வந்தது. பழைய கேபிள் புது கார்டில் நுழையாது, பிளக் வடிவமே வேறு. அதற்குத் தனியாகக் கேபிள் வாங்கி மாட்டினேன். பழைய கார்டின் குடும்பத்தைச் சேர்ந்த கார்டு என்றால் டிஸ்க்கில் உள்ள பழைய அமைப்பைப் படித்து, இம்போர்ட் செய்யவா என்று கேட்க வேண்டும். இதில் எட்டு டிஸ்க்கும் தனித்தனியாக வந்து நின்றன. "இனிஷியலைஸ் பண்ணவா?" என்று, டிஸ்க்குகளைப் புதிதாக அமைக்க விண்டோஸ் கேட்டது. உதவிக்கு இருக்கும் தம்பி மவுஸை ஓகே மேல் கொண்டுபோய்விட்டான். "டேய், கையை எடு!" என்று கத்தினேன். பதினாலு டெராபைட் இருக்கிறது, அத்தனையும் அடுத்தவர் வீட்டுக் கல்யாணம்.

டிவைஸ் மேனேஜரில் சாஸ் 3008 என்று இருந்தது. 9361-ல் இருக்க வேண்டிய சிப் 3108. 3008 சிப் போட்ட எல்லா கார்டிலும் ரெய்டு 5 இருக்காது. கார்டைக் கழற்றி, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், 9300 என்று. அந்த மாடலில் ரெய்டு 5 கிடையவே கிடையாது. 9361-ல் 1 ஜிபி கேஷ் மெமரி (டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) இருக்கும். இந்தப் பலகையில் மெமரி சிப்பே இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "ஃபர்ம்வேர் போடுங்கண்ணா." (கார்டுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர்.) அடுத்து "உங்க மதர்போர்டு பழசு." மூன்றாவது நாள் சொன்னதுதான் உச்சம்: "எல்எஸ்ஐ கம்பெனியே கைமாறிடுச்சுண்ணா, அதான் லேபிள் மாறி இருக்கு." கைமாறியது உண்மைதான். 2014-ல் அவாகோ என்ற கம்பெனி வாங்கியது, 2016-ல் அதுவே பிராட்காம் என்று பெயர் வைத்துக்கொண்டது. அதற்காக 3108 எப்படியப்பா 3008 ஆகும்? தளத்தில் கேட்டால், "வெளியே பணம் கொடுத்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரே வரி. கடைசியில்தான் ஓசூருக்கு வாருங்கள், பணத்தைக் கையில் தருகிறேன் என்றான்.

18,500 ரூபாய். முகூர்த்த மாதத்தில் ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்துச் சம்பாதித்த 18,500 ரூபாய். நல்லவேளையாகப் பழைய கார்டைத் திரும்ப மாட்டியதும் டேட்டா அப்படியே வந்துவிட்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் காகிதத்தில் எழுதிக் கார்டின் பக்கத்தில் வைத்து வீடியோ கேளுங்கள். சிப் நம்பரைப் பாருங்கள். பேக்கப் எடுக்காமல் கார்டை மாற்றாதீர்கள். ஏமாந்தால் அன்றைக்கே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள். நான் ஓசூர் போய் வந்த பிறகுதான் போட்டேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று காலை தளத்தைத் திறந்தால் அதே படம், அதே 9361. விலை மட்டும் 21,000 ஆகியிருக்கிறது.