கோவளம் கரையில் லூர் வீச: பதின்மூன்று அடி ராடா, ஒன்பதரை அடியா? ஜிக்கா, மின்னோவா?

சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காடு முகத்துவாரம், கோவளம், அப்புறம் மாமல்லபுரம் வரைக்கும் மணலில் நின்று லூர் (இரை மீன் மாதிரி செய்த போலி இரை) வீசுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். குமரி மாவட்டத்து முட்டம் மாதிரி பாறை மேல் நின்று வீசுகிற இடத்துக்குக் கணக்கே வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

முதலில் ராட், அதாவது தூண்டில் கோல். கடைக்குப் போனால் பதின்மூன்று அடி சர்ஃப் ராடைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கடல் பெரிசு, ராடும் பெரிசாக இருக்கட்டும் என்று நாமும் வாங்கிவிடுவோம். நானும் அதைத்தான் இரண்டு வருடம் வைத்திருந்தேன். 100 கிராம் ஈயமும் இறாலும் கட்டி, தூரமாக எறிந்து, மணலில் குத்திய பைப்பில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து காத்திருப்பதற்கு அதை அடிக்க ஆளில்லை. அலைக்கு மேலே லைன் (தூண்டில் நூல்) நிற்கும், ஈயமும் நகராது. ஆனால் லூர் என்பது வேறு வேலை. காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணிக்குள் நூறு தடவைக்கு மேல் வீசி இழுக்க வேண்டும். அந்த நீள ராடில் முப்பதாவது வீச்சுக்கே தோள்பட்டை கழன்றுவிடும். அதோடு, 100 கிராமுக்கு என்று செய்த ராடில் 30 கிராம் லூரைக் கட்டினால் ராட் வளையவே வளையாது. வளையாத ராட் எறியவும் எறியாது.

தூரம் அவ்வளவு முக்கியமா என்பதற்கு எனக்கு ஒரு காலை விடை சொன்னது. நான் முழு பலத்தோடு மூன்றாவது அலைக்கு அப்பால் எறிந்துகொண்டிருந்தேன். பத்தடி தள்ளி ஒரு பெரியவர் முழங்கால் தண்ணீரில் வீச்சு வலையோடு நின்று, கரையோரமாகவே நடந்து நடந்து மடவை பிடித்துக்கொண்டிருந்தார். போகிற போக்கில், "தம்பி, அவ்ளோ தூரம் எதுக்கு? மீனு இங்கதான் மேயுது" என்றார். அலை கரையில் மோதித் திரும்புகிற இடத்தில் மணலை அரித்து ஒரு பள்ளம் விழும், அதற்கு வெளியே ஒரு திட்டு இருக்கும். அந்தப் பள்ளத்தில்தான் மடவையும் கிழங்கானும் இரை தேடி வருகின்றன, அவற்றைத் தேடி பாறை மீனும் கொடுவாவும் வருகின்றன. பல இடங்களில் அந்தப் பள்ளம் காலடியிலிருந்து முப்பது மீட்டருக்குள் இருக்கும்.

அதனால் லூருக்கு என் தேர்வு ஒன்பது முதல் ஒன்பதரை அடி, இரண்டு துண்டாகப் பிரிகிற ராட், அதன் அடிப்பகுதியில், எறியக்கூடிய லூர் எடை 15–45 கிராம் என்பது போல எழுதியிருப்பது. மேல் எல்லையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 30 கிராம் கட்டினால் ராட் அழகாக வளைந்து எறியும். மடக்கி உள்ளே தள்ளுகிற டெலஸ்கோப் ராட் பைக்கில் கொண்டுபோக வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மணல் உள்ளே போய் இணைப்பு இறுகிவிட்டால், இருட்டில் ஈரக் கையோடு அதைத் திருகிப் பிரிப்பதற்குள் விடிந்துவிடும். மணல் கரைக்கு அது வேண்டாம்.

வாங்கும்போது ஒரு பஞ்சுத் துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். ராடில் வரிசையாக இருக்கும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அதை விட்டு மெதுவாகச் சுற்றித் தேயுங்கள். ஒரு நூலிழை மாட்டினாலும் அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். மயிரிழை மாதிரி ஒரு கீறல்தான், ஆனால் லைனை அது பிளேடு போல அறுக்கும். எனக்கு ஒரு நல்ல பாறை மீன் போனது அப்படித்தான். லைன் அறுந்த முனை பூப்போல விரிந்திருந்தது, வீட்டுக்கு வந்து பஞ்சை விட்டுப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது.

லைனில் பிரெய்டா (மெல்லிய இழைகளைப் பின்னிய நூல்), நரம்பா (ஒற்றை இழை நைலான்) என்ற சண்டையை நான் நீட்ட விரும்பவில்லை. லூருக்கு பிரெய்டுதான். பிஇ 1.5 (பிஇ என்பது தடிமனைச் சொல்லும் எண்) பிரெய்டின் குறுக்களவு சுமார் 0.2 மி.மீ., அதே பலத்துக்கு நரம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமனாக இருக்கும், காற்றில் இழுபடும், இழுத்தால் நீளும். மீன் முட்டுவது கைக்கே வராது. இறால் கட்டிக் காத்திருக்கிறவருக்கு நரம்பு போதும், அந்த நீட்சி அவருக்கு உதவியும் செய்யும், மணலில் உரசினாலும் தாங்கும். பிரெய்டுக்கு அந்த உரசல்தான் ஆகாது. அதனால் முனையில் ஒன்றரை மீட்டர் 40 பவுண்டு இழுவை தாங்கும் லீடர், அதாவது லைனுக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் தடித்த நரம்பு, கட்டாயம். சீலா மீன் வருகிற காலமாக இருந்தால் லூருக்கு முன்னால் ஒரு சாண் கம்பி. அதன் பற்கள் எந்த நரம்பையும் விட்டுவைக்காது.

சரி, லூருக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பணம் வீணாகிறது, ஏனென்றால் தண்ணீரின் நிறத்தைப் பார்க்காமல் பெட்டியில் இருப்பதன் அழகைப் பார்த்து வாங்குகிறோம்.

மெட்டல் ஜிக், அதாவது மீன் வடிவ உலோகத் துண்டு, 28 அல்லது 40 கிராம். எதிர்க்காற்றிலும் கல் மாதிரி போகும், விலையும் குறைவு, சீலா கடித்தாலும் பெயின்ட்தான் போகும். வாடை ஓய்ந்து தண்ணீர் தெளிகிற ஜனவரிக்குப் பிறகு, நெத்திலியும் மத்தியும் கரையோரம் கூட்டமாக வந்து தண்ணீர் மேல் சிலிர்க்கும்போது, இதற்கு இணை கிடையாது. ஆனால் இழுப்பதை ஒரு நொடி நிறுத்தினாலும் தரைக்குப் போய்விடும். நான் சொன்ன அந்தப் பள்ளம் மார்பளவுகூட இருக்காது, அதில் ஜிக் மணலை உழுதுகொண்டுதான் வரும்.

அந்த இடத்தில் மின்னோ ஜெயிக்கிறது. சின்ன மீன் வடிவ லூர்தான் மின்னோ; 12 செ.மீ., மிதக்கும் வகை, முகத்தில் சின்ன நாக்கு உள்ளது. மெதுவாகச் சுற்றினாலும் அரை மீட்டர் ஆழத்தில் உடம்பை ஆட்டிக்கொண்டே வரும், நிறுத்தினால் மேலே எழும்பும். அலை பின்வாங்கும்போது இழுப்பை நிறுத்தி, அடுத்த அலை தூக்கும்போது இரண்டு சுற்று சுற்றினால், அடிபட்ட மடவைக் குஞ்சு மாதிரியே தடுமாறும். எனக்கு மீன் வந்து லூரை அடித்ததில் பாதிக்கு மேல் கடைசிப் பத்து மீட்டரில்தான், லூரை வெளியே எடுக்கப் போகும் நேரத்தில். குறை என்னவென்றால் எதிர்க்காற்றில் குட்டிக்கரணம் போட்டுப் பாதி தூரத்தில் விழும். உள்ளே குண்டு உருண்டு வாலுக்குப் போகிற வகையை வாங்கினால் இந்தக் குறை பெருமளவு தீரும். குலுக்கிப் பார்த்தால் சத்தம் கேட்கும்.

ரப்பர் மீன், 14 முதல் 21 கிராம் ஜிக் ஹெட்டோடு (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்). வடகிழக்குப் பருவமழை மணல் திட்டை உடைத்து முகத்துவாரம் திறந்த பிறகு, தண்ணீர் டீ மாதிரி கலங்கியிருக்கும்போது கொடுவாவுக்கு இதுதான். கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில் மீன் அந்த வாலின் அதிர்வை வைத்துத்தான் வருகிறது. வற்றம் (கடல் நீர் இறங்குவது) தொடங்கி உள்ளேயிருந்து குஞ்சுகள் வெளியே இழுபடும் நேரம் பார்த்து, ஓட்டத்தின் ஓரத்தில் தரையைத் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். பேத்தை மீன் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், பத்து நிமிடத்தில் வாலெல்லாம் போய்விடும். கொடுவா குட்டியில் ஆணாக இருந்து பெரிதானதும் பெண்ணாகிற மீன், ஆகவே பெரியதெல்லாம் அநேகமாகத் தாய்தான். வீட்டுக்கு ஒன்று வேண்டுமென்றால் நடுத்தரத்தை எடுத்துக்கொண்டு பெரியதைத் திருப்பி விடுவது நம் கரைக்கு நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

பாப்பர், அதாவது தண்ணீர் மேல் சத்தம் எழுப்பி வரும் லூர், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடிகிற அரை மணி நேரம், அலை அடங்கிய நாள். மற்ற நேரத்தில் நுரைக்குள் அதன் சத்தமே கேட்காது.

இவற்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் மின்னோ. இரண்டு என்றால் கூடவே ஒரு 28 கிராம் ஜிக்.

வாங்கியதும் மின்னோவில் இருக்கும் மூன்று முனைத் தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். மும்முள்ளில் மீன் கூடுதலாக மாட்டும் என்பது உண்மை. ஆனால் துள்ளுகிற மீனின் வாயில் ஒரு முள்ளும் நம் உள்ளங்கையில் இன்னொரு முள்ளுமாக இருட்டில் நிற்கும் நிலையை என் நண்பனிடம் பார்த்திருக்கிறேன். மீன் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் அவன் கையும் சேர்ந்து துடித்தது. அன்று எங்களிடம் முள்ளை வெட்டும் கட்டர் இல்லை.

அதனால் கருவிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். கடினமான முள்ளை வெட்டக்கூடிய கட்டர், நீள மூக்கு பிளேயர், உதட்டைப் பிடிக்கும் கிரிப், தலையில் மாட்டும் லைட், இவை முதல் லூருக்கு முன்னால் வாங்க வேண்டியவை. பிளேயரில் சாதாரண இரும்பா, அலுமினியமா என்றால் அலுமினியம். என் இரும்பு பிளேயர் மூன்றே பயணத்தில் உப்பேறித் திறக்க முடியாமல் இறுகிவிட்டது. ரீலை (லைன் சுற்றியிருக்கும் கருவி) கழுவுவதும் இதே கதைதான்: டிராக்கை (லைன் ஓடுவதை இறுக்கித் தளர்த்தும் திருகு) இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். பைப்பைப் பீய்ச்சினால் உப்பை உள்ளே தள்ளிவிடும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

கெளுத்தி மாட்டினால் எவ்வளவு சின்னதானாலும் கையால் பிடிக்காதீர்கள், கிரிப்பால் பிடித்து பிளேயரால் தூண்டில் முள்ளை எடுங்கள். முதுகிலும் இரண்டு பக்கமும் இருக்கும் அதன் முட்களில் விஷம் உண்டு. குத்திவிட்டால் கை பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் காயத்தை வைத்திருந்தால் வலி இறங்கும், அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. அதற்காகவே இப்போதெல்லாம் டீ இல்லாமல் ஒரு பிளாஸ்க் வெந்நீர் என் பையில் இருக்கிறது.