கழுத்துக்கு ஒரு கவுல்: எந்த நூல், எந்த ஊசி?

கத்திரி வெயிலில் சத்துவாச்சாரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கம்பளி நூலைப் பின்னிக்கொண்டிருந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்கத்தான் செய்வார்கள், இது யாருக்கு என்று. என் அண்ணன் மகனுக்கு. எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத ஊர் குறைவு, கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இவனுக்கு லடாக்கில் போஸ்டிங். "மப்ளர் நுனி ஜிப்புல மாட்டிக்கிது அத்தை, தலைவழியா மாட்டுற மாதிரி வட்டமா ஒண்ணு பின்னிக் குடு" என்று போனில் கேட்டான். அதற்குப் பெயர்தான் கவுல். முனையே இல்லாமல் கழுத்தோடு நிற்கிற வளையம், வேண்டும்போது மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்ளலாம்.

இதுவரை மூன்று பின்னிவிட்டேன், மூன்றும் வேறு வேறு நூல். எது எதற்கு உதவும் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் நூல். லாங் பஜாரில் போய் "உல்லன் நூல்" என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக். உல்லன் என்று பெயர்தானே தவிர அதில் ஆட்டு ரோமம் ஒரு இழைகூட இருக்காது, பெட்ரோலியத்திலிருந்து வருகிற செயற்கை இழை அது. அதற்காக மட்டமான நூல் என்று நான் சொல்லமாட்டேன். விலை குறைவு, விதவிதமான நிறம், மெஷினில் போட்டுத் துவைக்கலாம், பூச்சி அரிக்காது. மார்கழி விடியலில் வண்டி ஓட்டுகிறவருக்கோ, ஏலகிரிக்கு இரண்டு நாள் போய்வருகிறவருக்கோ தாராளமாக இது போதும். பின்னக் கற்றுக்கொள்கிறவர்கள் இதிலேயே தொடங்குங்கள், பத்து முறை அவிழ்த்துப் பின்னினாலும் தாங்கும்.

ஆனால் லடாக்குக்கு இதைத்தான் முதலில் அனுப்பினேன், அது தப்பு. மூக்குவரை இழுத்துவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரம் நூலுக்குள் போகாமல் மேலேயே தங்கி, வெளியே வந்ததும் விறைத்துப்போகிறதாம். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, கழற்றும்போது படபடவென்று பொறி தெறிக்கிறது என்றான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவர்கள் உட்கார்ந்து குளிர்காய்வது புகாரி என்கிற மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி என்று சொன்னபோதுதான் எனக்குப் பகீரென்றது.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் நீங்களே செய்து பாருங்கள். அக்ரிலிக், கம்பளி இரண்டு நூலிலும் விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொண்டு விளக்குச் சுடரில் காட்டுங்கள். அக்ரிலிக் உடனே பற்றிக்கொண்டு உருகும், ஆறியபின் நுனியில் கறுப்பாக ஒரு கெட்டி மணி நிற்கும், நகத்தால் நசுக்கினாலும் உடையாது. அந்த உருகல் தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். கம்பளியோ தலைமுடி கருகுகிற நாற்றத்தோடு பொசுங்கி, சுடரை விட்டு எடுத்ததும் தானாக அணைந்துவிடும், சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாகிவிடும். கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, லேபிளில் என்ன போட்டிருந்தாலும் சரி, நூல் வாங்கி வந்ததும் நான் செய்கிற முதல் வேலை இப்போது இதுதான்.

சரி, கம்பளி என்றால் எந்தக் கம்பளி? நம் பக்கம் குறும்பர்கள் நெய்கிற கறுப்புக் கம்பளி தெரியுமல்லவா, போர்த்திக்கொள்ள அருமையானது, ஆனால் கழுத்தில் வெறும் தோலோடு வைத்தால் ஐந்து நிமிடம் தாங்காது. அரிப்புக்குக் காரணம் இழையின் தடிமன். ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போனால் இழை வளையாமல் தோலைக் குத்தும். மெரினோ ஆட்டின் ரோமம் 24 மைக்ரானுக்குள் இருப்பதால் வளைந்துகொடுக்கிறது. அதோடு கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது, மூச்சு படுகிற இடத்துக்கு வேறு என்ன வேண்டும்? அவன் இருக்கிற லடாக்கில் சாங்தாங் பகுதி ஆடுகளின் பஷ்மினா இதைவிடவும் மெல்லியது, ஆனால் விலை எட்டாது, சட்டைக் காலரில் உரசி உரசிச் சீக்கிரம் தேய்ந்தும்போகும். அதனால் மெரினோதான்.

மெரினோவுக்கும் தொல்லை உண்டு. விலை அக்ரிலிக்கைப்போலப் பல மடங்கு. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி அட்டைபோல இறுகி, பாதியாகச் சுருங்கிவிடும், அப்புறம் எதைச் செய்தும் மீட்க முடியாது. முகாமில் இருக்கிற பிள்ளை பச்சைத்தண்ணீரில் பதமாகக் கையால் துவைத்துக்கொண்டிருப்பானா? அதனால் சூப்பர்வாஷ் என்று போட்டிருக்கிற மெரினோ வாங்கினேன், அது அப்படி இறுகாது. பதிலுக்கு நனைந்தால் தொங்கி நீளும், அதற்கு ஊசியை ஒரு அளவு குறைத்துக்கொண்டால் சரியாகிவிடுகிறது.

பருத்தி நூல் எனக்காகப் பின்னிய மூன்றாவது கவுலுக்கு. குத்தாது, வியர்வையை உறிஞ்சும், நம் ஊர் மார்கழிக்கு ஒத்துப்போகும். ஆனால் கனம், நெகிழ்வு கிடையாது, நனைந்தால் சில்லென்று கழுத்தோடு ஒட்டும். பனிப் பிரதேசத்துக்கு இதை நினைக்கவே வேண்டாம்.

ஊசிக்கு வருவோம். நம்மில் பலர் ஸ்வெட்டர் பழகியது நேர் ஊசி ஜோடியில். அதில் பட்டையாகப் பின்னிக் கடைசியில் இரண்டு ஓரத்தையும் தைத்துச் சேர்க்கலாம், முதல் கவுல் அப்படித்தான் செய்தேன். அந்தத் தையல் தடிப்பு சரியாகப் பிடரியில் போய் உட்கார்ந்து உறுத்தியிருக்கிறது. இரண்டு குட்டை ஊசி முனைகளை வளைகிற கேபிளால் சேர்த்திருக்கிற சர்க்குலர் ஊசியில் வட்டமாகவே பின்னினால் தையலே இல்லை. ஊசியின் மொத்த நீளம் கவுலின் சுற்றளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும், 55 செ.மீ. கவுலுக்கு 40 செ.மீ. ஊசி. 60 வாங்கினால் கண்ணிகள், அதாவது ஊசியில் நிற்கிற நூல் வளையங்கள், இழுபடும். 40-இன் முனைகள் குட்டையாக இருப்பதால் கை வலிக்கிறது என்பவர்கள் 80 அல்லது 100 செ.மீ. வாங்கி, நடுவில் கேபிளை வெளியே இழுத்துவிட்டுப் பின்னலாம். எனக்கு 40 பழகிவிட்டது. எதில் பின்னினாலும் வட்டம் சேர்க்கும் முன் எல்லாக் கண்ணியின் அடிப்பக்கமும் உள்பக்கம் பார்த்து நிற்கிறதா என்று ஒரு சுற்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு முறுக்கு விழுந்திருந்தால்கூடக் கடைசிவரை அது போகாது, நான் ஆறு சுற்றை அவிழ்த்திருக்கிறேன்.

அலுமினியமா மூங்கிலா? மெஷின் வேகத்தில் பின்னுகிறவர்களுக்கு அலுமினியமும் ஸ்டீலும் வழுக்கிக்கொண்டு ஓடும். நம் ஊர் வெயிலில் கை வியர்த்தால் கதை வேறு, அக்ரிலிக் நூல் அலுமினியத்தில் கிறீச்சென்று ஒட்டி நிற்கிறது. மெரினோவோ அளவுக்கு மீறி வழுக்கிக் கண்ணி நழுவுகிறது. மூங்கில் இரண்டுக்கும் நடுவில் பிடிமானமாக இருப்பதால் என் ஓட்டு மூங்கிலுக்கு. கேபிள் சேர்கிற இடத்தை மட்டும் நகத்தால் தடவிப் பார்த்து வாங்குங்கள், அங்கே தட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் நூல் மாட்டும்.

இன்னொன்று, ஊசி எண். நம் பழைய கணக்கில் எண் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் எண் கூடினால் தடிக்கும். 8 என்றால் நமக்கு 4 மி.மீ., அவர்களுக்கு 5 மி.மீ. எண்ணை நம்பி வாங்கிப் பின்னி முடித்துப் பார்த்தால் கவுல் தலைக்குள் நுழையாது. மி.மீ. மட்டும் கேட்டு வாங்குங்கள்.

அவனுக்கு மெரினோ கவுல் பிடித்துவிட்டது. இப்போது கூட இருக்கிற பையனுக்கும் ஒன்று வேண்டுமாம். 100 கிராம் பந்து, ஏறக்குறைய 200 மீட்டர், 4.5 மி.மீ. மூங்கில் ஊசி, 104 கண்ணி, இரண்டு நிட் (நேர்ப் பின்னல்) இரண்டு பர்ல் (மறுபக்கப் பின்னல்), உயரம் 24 செ.மீ. வரும்வரை. அண்ணன் மகன் அடுத்த மாதம் லீவு முடிந்து காட்பாடியில் ரயில் ஏறுவான், அதற்குள் இன்னும் 11 செ.மீ. பாக்கி இருக்கிறது.