ஒரே ஒரு சொல்லை வைத்துப் பேரகராதியைச் சோதித்தேன்

மகளுக்குத் தமிழ் வீட்டுப்பாடம், 'காட்சி' என்ற சொல்லுக்கு வேர் எழுத வேண்டும். அவள் பாட்டுக்கு 'காட்டு' என்று எழுதிவிட்டாள், நானும் சரிதானே என்று விட்டுவிட இருந்தேன். எதற்கும் பார்ப்போமே என்று போனில் கிடந்த ஓர் அகராதிச் செயலியைத் திறந்தால், இரண்டு விளம்பரம் ஓடி முடிந்த பிறகு 'பார்க்கப்படுவது' என்று ஒற்றை வரி. வேரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதை அழித்துவிட்டு சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்குப் போனேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, தமிழிலேயே தட்டித் தேடலாம்.

வேர் 'காண்'. அதோடு 'சி' சேர்ந்து காட்சி. ஆள் ஆட்சியாவதும் மீள் மீட்சியாவதும் மாண் மாட்சியாவதும் இதே மாதிரிதான். மகள் எழுதிய 'காட்டு' என்றால் காணச் செய் என்று அர்த்தம், அதுவும் காணிலிருந்து வந்ததுதான், ஆக அம்மா யார் என்று கேட்டதற்கு அக்காவைக் கைகாட்டியிருக்கிறாள். ஆனால் ண் எப்படி ட் ஆனது என்பதையெல்லாம் அகராதி உட்கார்ந்து விளக்காது, அதற்கு இலக்கணப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும்.

எனக்குப் பிடித்தது, பொருளைச் சொல்லி அது எந்த நூலில் வருகிறது என்றும் சொல்வது. அதைப் பிடித்துக்கொண்டு குறளைப் புரட்டினேன். 386-இல் 'காட்சிக் கெளியன்', அதாவது போய்ப் பார்ப்பதற்கு எளிதான அரசன். 352-இல் 'மாசறு காட்சி யவர்', இங்கே கண்ணுக்கு வேலையே இல்லை, தெளிந்த அறிவு. சமணர்களின் நற்காட்சியும், அதாவது உண்மையை உள்ளபடி தெளிந்து ஏற்பதும், இந்தப் பக்கம்தான். இறந்தவர் நினைவாக நடும் நடுகல்லுக்குக் கல் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கும் காட்சி என்றே பெயர், சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குக் கல் எடுக்கும் பேச்சு வருகிற காதை காட்சிக் காதை. இத்தனை வருஷம் இரவுக்காட்சிக்கு டிக்கெட் எடுத்தவனுக்கு இதெல்லாம் தெரியாது!

குறை இல்லாமல் இல்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பிறகு ஓர் அனுபந்தம், ஆகவே இன்றைய சொற்களை இதில் தேடாதீர்கள். நூற்பெயர்களெல்லாம் சுருக்கக்குறியில் இருக்கும், பழகும்வரை தலை சுற்றும். அப்புறம் அந்தப் பழைய சண்டை: பல தமிழ்ச் சொற்களை வடமொழிக் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று தமிழ்ச் சொல்லாராய்ச்சி அறிஞர் தேவநேயப் பாவாணர் கடுமையாக எதிர்த்தார். காண் விஷயத்தில் அந்த வம்பு இல்லை. சந்தேகமான சொல் என்றால் அவர் தொடங்கிவைத்த செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை மட்டும் நம்பி எழுதிவிட வேண்டாம். மற்றபடி வீட்டில் மாணவர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதற்குப் போகலாம்.

நோட்டில் 'காண்' என்று திருத்தினோம். அடுத்த சொல் 'நீட்சி'. நான் தளத்தில் தட்டுவதற்குள் மகள் 'நீள்' என்று எழுதிவிட்டாள்.