வெடைக்கோழி என்று சொல்லிக் கிழட்டுக் கோழிகளைத் தலையில் கட்டினார்கள்

ஓய்வு பெற்ற பிறகு வீட்டோடு கோழி வளர்த்து முட்டை விற்கலாம் என்று நினைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றோம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் சும்மா கிடந்தது. காய்கறிப் பாத்தி, நாற்று வளர்ப்பு, அதோடு 100 முட்டைக்கோழி என்று திட்டம் போட்டோம். கோழி எச்சத்தை மக்கவைத்தால் பாத்திக்கு உரம். தோட்டத்தில் கழியும் கீரையும் புழு பூச்சியும் கோழிக்கு. முட்டைக் காசு மாதச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும். அந்தக் கணக்கில் பிழை இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கோழி வாங்கிய இடத்தில்தான் ஏமாந்தோம்.

விளம்பரம் பார்த்துப் பேசப் போனபோது அந்தப் பண்ணைக்காரர் அன்பாகத்தான் பேசினார். "அம்மா, குஞ்சு வாங்கினா அஞ்சு மாசம் தீவனம் போட்டுக் காத்திருக்கணும். இந்த வயசுல உங்களுக்கு அது எதுக்கு? முட்டை வைக்கப் போற 20 வார இளங்கோழி, அதாவது வெடைக்கோழியாவே தர்றேன். வந்த வாரமே முட்டை வைக்கும். முட்டையையும் நாங்களே எடுத்துக்கிறோம்" என்றார். முட்டைக்கோழிகள் 18, 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும் என்பது உண்மைதான். அதை நாங்களும் படித்திருந்ததால் அவர் சொன்ன மற்றதையும் நம்பிவிட்டோம். ஓய்வின்போது கைக்கு வந்த பணத்தில் பெரிய பங்கை அங்கேயே கொடுத்தோம்.

கோழிகள் வந்தது இரவு பத்து மணிக்கு. விளக்குப் போடப் போனேன், வண்டியோடு வந்தவர் தடுத்தார். வெளிச்சம் பட்டால் கோழி மிரளும், இருட்டிலேயே கொட்டகையில் விட்டுவிடலாம், காலையில் பாருங்கள் என்றார். இருட்டில் கோழி அடங்கியிருக்கும் என்பதும் உண்மைதான். உண்மையான செய்திகளை வைத்தே எங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அதை நினைத்தால்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால் கோழிகள் ஏறி அடையும் தாங்குகட்டையில் ஒன்றுகூட ஏறியிருக்கவில்லை. எல்லாம் தரையில் ஒண்டிக் கிடந்தன. கழுத்தில் இறகு தேய்ந்து தோல் தெரிந்தது. நகம் நீண்டு வளைந்திருந்தது. போன் செய்து கேட்டோம். "பயணக் களைப்பு, நாலு நாளில் சரியாயிடும்" என்றார்.

மூன்றாம் நாள் முதல் முட்டை கிடைத்தது. நல்ல பெரிய முட்டை. வீட்டுக்காரர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்து காட்டினார். நான் துடைக்க எடுத்தேன், கட்டைவிரல் பட்ட இடத்தில் ஓடு உள்ளே அமுங்கியது. ஓடு அவ்வளவு மெல்லிசு. அந்த ஒரு முட்டையிலேயே எல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் அதைப் படிக்க எங்களுக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் போனது. ஒரு நாளும் 25 முட்டைக்கு மேல் வரவில்லை. ஒரு கோழி நாளைக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். நூறு கோழிக்கு 11 கிலோ. 50 கிலோ மூட்டை ஐந்து நாள்கூட வரவில்லை. நல்ல பருவத்தில் இருக்கும் முட்டைக்கோழிகள் நூறு இருந்தால் நாளுக்கு 90 முட்டைகூடக் கிடைக்கும். சில கோழிகள் நொண்டின, சில செத்தும் போயின.

அப்புறம்தான் கால்நடை மருத்துவரை அழைத்தோம். அவர் ஒரு கோழியைத் தூக்கிக் காலைத்தான் முதலில் பார்த்தார். கால் வெளுத்திருந்தது, செதில் சொரசொரப்பாக இருந்தது. எங்கள் கோழி மஞ்சள் கால் வகை. முட்டையிடாத வெடைக்கோழிக்குக் கால் நல்ல மஞ்சளாக இருக்குமாம். முட்டையிட இட அந்த மஞ்சள் நிறம் உடம்பிலிருந்து இறங்கிக்கொண்டே வரும். கால் முழுக்க வெளுக்க ஐந்தாறு மாதம் ஆகும். (பிறவியிலேயே வெள்ளைக் கால் உள்ள வகைக்கு இந்தச் சோதனை உதவாது.) அப்புறம் என் விரலைப் பிடித்து நெஞ்செலும்பின் பின்முனையில் வைத்து அழுத்தச் சொன்னார். இளங்கோழிக்கு அது குருத்தெலும்பாக வளைந்து கொடுக்குமாம். இங்கே கல்போல நின்றது. "வெடைக்கோழி வைக்கிற முதல் முட்டை சின்னதா இருக்கும்மா. பெரிய முட்டையும் மெல்லிசு ஓடும் வயசான கோழிக்குத்தான்" என்றார்.

கூண்டுப் பண்ணைகளில் 72, 80 வாரம் ஆனதும் முட்டை குறையும். அப்போது மொத்தமாகக் கழித்து, கறிக்கு மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கோழிகளைத்தான் 20 வாரம் என்று சொல்லி எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். கூண்டிலேயே நின்று சுண்ணாம்புச் சத்து போய் எலும்பு தேய்ந்த கோழி எப்படிக் கட்டையில் ஏறும்?

ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துப் படித்தோம். மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில், நாளுக்கு 80 சதவீதம் முட்டை வந்தால் மட்டுமே முட்டையை வாங்கிக்கொள்வோம், தீவனமும் எங்களிடமே வாங்கியிருக்க வேண்டும், இறக்கிய பிறகு கோழிக்குப் பொறுப்பில்லை என்று இருந்தது. பண்ணைக்காரரிடம் கேட்டதற்கு, "கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா" என்று கையை விரித்துவிட்டார். அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. புகார் கொடுக்கப் போனோம். ரசீதில் "கோழி 100" என்று மட்டும்தான் இருந்தது. வயதும் இல்லை, பொரித்த தேதியும் இல்லை. தடுப்பூசி அட்டை என்று கொடுத்ததில் எங்கள் பெயரைத் தவிர எல்லாக் கட்டமும் காலி. கோழிகளுக்கு வரும் மாரெக் என்ற வைரஸ் நோய்க்குப் பொரித்த அன்றே போட வேண்டிய ஊசிகூட அதில் பதியப்படவில்லை.

ஆகவே வாங்குகிறவர்கள் பகலில் போங்கள். கோழி வண்டியில் ஏறும் முன்பே நீங்கள் சொல்கிற பத்துக் கோழியைப் பிடித்துக் கையில் தரச் சொல்லுங்கள். காலையும் நகத்தையும் நெஞ்செலும்பையும் பாருங்கள். பொரித்த தேதியை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் வந்துவிடுங்கள். முதலில் 100 வேண்டாம், பத்து போதும். பத்தோடு ஆரம்பித்திருந்தால் எங்கள் பணத்தில் முக்கால்வாசி தப்பியிருக்கும்.

ஐந்து மணிக்கே எழுந்து கொட்டகைக்குப் போகிற என் வீட்டுக்காரர், இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. மிஞ்சிய கோழிகளில் சில இறகு உதிர்த்து முளைத்த பிறகு மறுபடி முட்டை வைக்கின்றன. அதைப் பார்த்துத்தான் அவர் திரும்பக் கொட்டகைக்குள் போனார். இப்போது ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் 20 வாங்கி வளர்க்கிறோம். 14 வாரம் ஆகிறது. பொரித்த தேதியைக் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறார். கால்கள் மஞ்சள் கிழங்கை உடைத்தது போல இருக்கின்றன.

அந்த ரசீதையும் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்படி ஒப்பந்தம் போடப் போகிறவர்கள் கேட்டால் காட்டுகிறேன், உங்கள் கையில் இருக்கும் தாளோடு வைத்துப் பாருங்கள்.