தேன்கூட்டுப் பீங்கான்: சூளையில் நீண்ட நேரமா, குறுகிய நேரமா?

வாகனப் புகைபோக்கியில் வினையூக்கியைத் தாங்கும் கார்டியரைட் (மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் ஆக்சைடுகள் சேர்ந்த படிகம்) தேன்கூடு டால்க் என்னும் மாக்கல், கயோலின் என்னும் வெள்ளைக் களிமண், அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) கலவையை அச்சில் பிதுக்கிச் செய்யப்படுவது. அச்சில் தட்டைத் துகள்கள் சுவரோடு படுத்துக்கொள்ளும். சூளையில் வளரும் படிகங்களும் அதே போக்கைப் பிடிக்கும். படிகம் சூட்டில் சுருங்கும் திசை சுவர்த்தளத்திலேயே அமைவதால் வெப்ப விரிவு குறைகிறது.

சுமார் 1400 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் நிறுத்தினால் கலவை கார்டியரைட்டாக மாறும் வினை முழுமையாகும், படிகத் திரள்கள் பெரிதாகும். குளிரும்போது அவற்றுக்கிடையே நுண்விரிசல்கள் விழும். விரிசல் என்றதும் பதற வேண்டாம், மறுபடி சூடேறும்போது விரிவை விழுங்குவதே அவைதான். விரிவுக் கெழு, அதாவது ஒரு டிகிரி சூட்டுக்கு நீளம் கூடும் விகிதம், டிகிரிக்கு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கும். அதற்குக் கொடுக்கும் விலை, வலிமைக் குறைவு.

நிறுத்தும் நேரத்தைக் குறைத்தால் எரிபொருள் மிச்சம், சுவரும் உறுதி. ஆனால் வினைபுரியாத அலுமினாவும், இடைநிலையில் உருவாகும் மக்னீசியம்-அலுமினியம் ஆக்சைடான ஸ்பினலும் தங்கிவிடும். அலுமினாவின் விரிவு கார்டியரைட் தேன்கூட்டைப்போல எட்டு மடங்குக்கும் மேல்!

வெப்ப அதிர்ச்சி (திடீர்ச் சூடு, திடீர்க் குளிர்) கடுமையான இடத்துக்கு நான் நீண்ட நேரச் சூட்டையே எடுப்பேன். ஆனால் 1460 டிகிரியை நெருங்கக் கூடாது, கார்டியரைட்டே சிதைந்து உருகத் தொடங்கும்.