பசோபனிப்பா சுனிடினிப்பா? லிவரை மட்டும் வச்சு முடிவு பண்ணலாமா

பரவின கிட்னி கேன்சருக்கு குடுக்குற டார்கெட்டட் மாத்திரைல, அதாவது கேன்சர் வளர உதவுற சிக்னலைக் குறிவச்சுத் தடுக்கிற மாத்திரைல, இது ரெண்டும் பழைய போட்டி. இப்பல்லாம் நிறைய பேருக்கு இம்யூனோதெரபியோட (உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடுற சிகிச்சை) ஆரம்பிக்கிறாங்க, அது ஒத்துவராதவங்களுக்குப் பேச்சு திரும்ப இங்கதான் வரும். ரெண்டையும் நேருக்கு நேர் வச்சுப் பாத்த காம்பார்ஸ் ஆய்வு 2013ல வந்துச்சு. நோய் வளராம இருந்தது பசோபனிப்ல 8.4 மாசம், சுனிடினிப்ல 9.5. வித்தியாசம் ஆய்வுல முன்னாடியே வச்ச வரம்புக்குள்ள இருந்ததால பசோபனிப் ஒண்ணும் சளைச்சதில்லன்னு எடுத்துக்கிட்டாங்க.

லிவர்னு வந்தா கதை வேற. ரிப்போர்ட்ல எஸ்ஜிபிடின்னு போட்டிருக்கும் பாருங்க, லிவர் அடிபட்டா ரத்தத்துல ஏறுற என்சைம், அது பசோபனிப்ல 60 சதவீதம் பேருக்கு ஏறுச்சு, சுனிடினிப்ல 43. இதைப் பாத்ததும் சுனிடினிப்தான் சேஃப்னு ஓடுறவங்க உண்டு, ஆனா லிவர் எச்சரிக்கை ரெண்டு மருந்து மேலயும் இருக்கு, அதுவும் கட்டம் கட்டின எச்சரிக்கை, மருந்து லேபிள்ல போடுறதுலயே கடுமையானது.

என் பார்வைல பசோபனிப்போட லிவர் தொல்லை முன்னாடியே தலையக் காட்டிடும், பெரும்பாலும் முதல் 18 வாரத்துக்குள்ள. அதான் 3, 5, 7, 9ன்னு வாரக்கணக்குல பிளட் டெஸ்ட். எஸ்ஜிபிடி மட்டும் நார்மலோட உச்ச அளவுல மூணுல இருந்து எட்டு மடங்கு வரைக்கும் போனா மாத்திரைய நிறுத்தாம வாராவாரம் பாப்பாங்க, எட்டைத் தாண்டினா நிறுத்தி, இறங்கின பிறகு 400 மில்லிகிராமுக்கு மேல போகாம திரும்ப ஆரம்பிக்கலாமான்னு யோசிப்பாங்க, மூணு மடங்குக்கு மேல போய் கூடவே பிலிருபினும் (காமாலைல ஏறுற மஞ்சள் நிறமி) ரெண்டு மடங்கைத் தாண்டுச்சுன்னா அதோட மருந்துக்கு முழுக்கு. கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின் போடுறவங்க அதை மறக்காம டாக்டர்கிட்ட சொல்லணும், சேர்ந்தா எஸ்ஜிபிடி ஏறுற வாய்ப்பு கூடுது.

சுனிடினிப் படுத்துறது வேற மாதிரி. கை கால் தோல் எரிஞ்சு உரியிறது 50 சதவீதம், பசோபனிப்ல 29. அசதியும் கூட, பிளேட்லெட் குறையிறதும் கூட. எது எந்த மாத்திரைன்னு சொல்லாம ரெண்டையும் மாத்தி மாத்தி குடுத்த பிஸ்செஸ் ஆய்வுல 70 சதவீதம் பேர் பசோபனிப்பே போதும்னாங்க, சுனிடினிப் கேட்டது 22 தான்.

இன்னொண்ணு, சுனிடினிப் மருந்தே மஞ்சள் நிறம், அதனால சிலருக்குத் தோல் மஞ்சளாகும், வீட்ல எல்லாரும் காமாலைன்னு பதறுவாங்க. கண்ணு வெள்ளை வெள்ளையாவே இருந்தா அது பெரும்பாலும் மருந்து நிறம்தான், ஆனாலும் ஒரு எல்எஃப்டி, அதாவது லிவருக்கான பிளட் டெஸ்ட், பாத்துட்டா நிம்மதி.

டெஸ்டுக்கு ஒழுங்கா போக முடியிறவங்களுக்கு நான் பசோபனிப் பக்கம்தான். ஏற்கனவே லிவர் ரொம்ப அடிபட்டிருந்தா அதைப் போடக்கூடாது, அங்க இந்தக் கணக்கே செல்லாது.